அணைக்காத பெட்டி

"நிறுத்தப் பயப்படுகிறவன் கையில் எந்த மெஷினும்..." மஸ்கட்டில் ஃபோர்மேன் பிலிப்போஸ் சார் ஓய்வுபெற்ற அன்று மேடையில் இப்படித்தான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் பிரியாணி வந்துவிட்டது. மீதி என்ன என்பது மாசில்லாமணியின் காதில் விழவே இல்லை.

இப்போது அந்த மீதி தேவைப்பட்டது.

கரையோரப் புயல் எச்சரிக்கை மையத்தின் உள்ளறையில், ரவுட்டர் பெட்டியின் முன்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். ஆயுத பூஜைச் சந்தனம் அதன் நெற்றியில் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே யாரோ ஒட்டிய காகிதம்: 'அணைக்கக் கூடாது.' வைத்த நாளிலிருந்து ஒருமுறைகூட அணைந்ததில்லை என்பது மையத்துக்கே பெருமை. யார் வந்தாலும் முதலில் இதைத்தான் காட்டுவார்கள்.

மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர் மாசில்லாமணி. ஐம்பதை நெருங்கும்போது இந்த நெட்வொர்க் தொழிலுக்கு வந்தார். கற்றுக்கொடுப்பவர் பரக்கத் நிஷா. வயதில் இளையவர்தான். இருந்தாலும் இவர் அவரை 'அக்கா' என்பார். அவர் இவரை 'அண்ணாச்சி' என்பார். உங்களில் யார்தான் மூத்தவர் என்று டீ கொண்டுவரும் ராயப்பன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

"அக்கா, மெமரியை மாத்தித்தான் ஆகணுமா?"

"இன்னிக்கு எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"நேத்தைவிடக் கம்மி."

"நேத்து?"

"முந்தாநாளைவிடக் கம்மி."

"பிறகென்ன கேள்வி, அண்ணாச்சி?"

வங்கக் கடலில் புயல் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. நாளை மறுநாள் கரை தொடும் என்றார்கள். அன்றைக்குக் கடலோரக் குப்பங்களின் சைரன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலற வேண்டும். அதற்கான உத்தரவு அத்தனையும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகும். மெமரி நிரம்பினால் பெட்டி மயங்கும். பெட்டி மயங்கினால் சைரன்கள் ஊமை.

புதிய மெமரிப் பட்டை தயாராக இருந்தது. அதைச் செருக, பெட்டியை அணைக்க வேண்டும். அவர் சுவிட்ச் வரை கையைக் கொண்டுபோய் இழுத்துக்கொண்டார்.

"ஏ.சி.யைக் கழட்டும்போது இப்படித் தயங்குவீங்களா?" என்றார் நிஷா.

"ஏ.சி. நின்னா வேர்க்கும், அவ்வளவுதானே. இது நின்னா?"

அந்தப் பெட்டிக்கு இரண்டு நினைவுகள். ஒன்று மின்சாரம் இருக்கும்வரைதான் நிற்கும். இன்னொன்று அணைத்தாலும் அழியாது. முதலாவதில் உள்ளதை இரண்டாவதில் எழுதிவைக்கும் கட்டளைக்கு அந்தத் தொழிலில் 'ரைட்' என்று பெயர். குப்பங்களுக்கான வழிகளையெல்லாம் பெட்டிக்குச் சொல்லிவைத்தவர் இவருக்கு முன்பு இந்த வேலையில் இருந்த தேசிங்கு. வேலை நடக்கிறதா, நடக்கிறது என்று எழுந்து போய்விடுகிற ஆள்.

காலையில் அவரைப் போனில் பிடித்தாயிற்று.

"ரைட் கொடுத்தீங்களா சார்?"

"கொடுத்திருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த 'நெனைக்கிறேன்' மாசில்லாமணிக்குப் போதவில்லை. தானே 'ரைட்' கொடுத்துப் பார்த்தார். போதிய மெமரி இல்லை என்றது பெட்டி. உள்ளே இருப்பதைக் காட்டச் சொன்னார். அதற்கும் இல்லை என்றது.

"எழுதவும் மாட்டேங்குது, சொல்லவும் மாட்டேங்குது. அணைச்சா அத்தனையும் மறந்துரும் அக்கா."

"ஆழிக்குடி சைரனுக்கு வழி எது?"

"பெட்டிக்குத் தெரியும்."

"உங்களுக்கு?"

அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"ஆழிக்குடிக்குத் தெரியுமா?"

கேள்வி அவருக்குப் புரியவில்லை. நிஷா போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

ஆழிக்குடி சைரனைப் பார்த்துக்கொள்பவர் சூசை. அங்கேயும் ஒரு சின்னப் பெட்டி உண்டு.

"சூசை, உங்க பெட்டில எங்களுக்கு வர்ற வழி என்ன போட்டிருக்குன்னு வாசிங்க."

"ஏன் அண்ணாச்சி? மண்டை அங்கதானே இருக்கு!"

"மண்டைக்குத்தான் மறதி வரப்போகுது. வாசிங்கய்யா."

சூசை சிரித்துக்கொண்டே வாசித்தார். பெட்டி மறந்தால் திருப்பிச் சொல்லிக்கொடுக்க, மாசில்லாமணி லேப்டாப்பில் தட்டினார். அங்கிருந்து இங்கே வரும் வழியைத் திருப்பிப் போட்டால், இங்கிருந்து அங்கே போகும் வழி. அடுத்து வேலாந்துறை. அதற்கடுத்தது. குப்பம் குப்பமாகக் கேட்டு வாங்கினார். கல்மேட்டில் மட்டும் போனை எடுக்க ஆளில்லை. பேரில்தான் மேடு; இருப்பதிலேயே தாழ்ந்த மண் அது. கடல் முதலில் நுழைவது அங்கேதான்.

திரும்பத் திரும்ப அடித்தார். மணி அடித்து அடித்து நின்றது.

"கல்மேடு கிடைக்கலை. விட்ரலாம் அக்கா. புயல் போகட்டும். அதுவரைக்கும் பெட்டி எப்படியாவது தாங்கும்."

நிஷா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கல்மேட்டுக்கு."

"அப்போ யாரு அணைக்கிறது?"

"பெட்டி இங்கதானே இருக்கு, நீங்களும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அறையில் பெட்டியின் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. அது சற்று ஏறி இறங்கினால்கூட அவர் குனிந்து காது கொடுத்தார். காகிதத்தைப் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். ராயப்பன் வைத்த டீ ஆடை கட்டிப்போனது.

போன் ஒலித்தது. பின்னணியில் ஓவென்று காற்று.

"சைரன் ரூம் சாவி ஐஸ் கடையில இருந்துச்சு. வாசிக்கிறேன், தட்டுங்க."

தட்டினார். சரிபார்க்க ஒருமுறை திருப்பி வாசித்துக் காட்டினார்.

"அக்கா, அணைச்சு, மறுபடி எழும்பலைன்னா?"

"நான் கல்மேட்டுலதானே நிக்கேன். சைரன் கத்தலைன்னா நான் கத்துறேன். மத்த ஊர்லயும் ஆளை நிக்கச் சொல்லியாச்சு. பள்ளிவாசல் மைக் இருக்கு, கோயில் மணி இருக்கு."

"பயமா இருக்கு அக்கா."

"எனக்கும்தான். அதை ஒட்டினவருக்கும் பயம்தான்."

"எதை?"

"அந்தக் காகிதத்தை."

அவர் காகிதத்தின் ஓரத்தைத் தொட்டார். பசை காய்ந்திருந்தது. உரிக்காமலே கையோடு வந்துவிட்டது.

"எல்லா ஊரும் எழுதியாச்சா, அண்ணாச்சி?"

"எழுதியாச்சு. கல்மேடும்."

காற்றுக்கு மேலாக, கடைசிப் பயணியும் ஏறிவிட்ட பஸ்ஸின் கண்டக்டரைப் போல நிஷா குரல் கொடுத்தார்:

"அப்போ போலாம், ரைட்."

மாசில்லாமணி பெட்டியை அணைத்தார்.