அலறிய கேசட்

“என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், டீச்சர். எனக்குக் கொடுத்து வைக்கல” என்றார் நாகசுந்தரம்.

சீடருக்கு அறுபத்தாறு வயது. ஓய்வுபெற்ற வீணை ஆசிரியர். அவர் வீட்டுக்கே வந்திருந்த குரு ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு. பழைய கம்ப்யூட்டர்களுக்கு உயிர் கொடுப்பதில் கோயமுத்தூரில் அவரை அடிக்க ஆளில்லை.

மேஜை மேலிருந்த கம்ப்யூட்டர், நாகசுந்தரத்தின் மனைவி கனகவல்லி கல்லூரி நாளில் வாங்கியது. அதற்கென்று அவரே எழுதிய விளையாட்டு ஒரே ஒரு கேசட்டில் சத்தமாகப் பதிந்திருக்கிறது; அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் கம்ப்யூட்டர் அதை ஏற்றிக்கொள்ளும். டேப் நைந்து போய், இன்னும் ஒரு தடவை முழுசாக ஓடினாலே பெரிய விஷயம்.

நாகசுந்தரம் துருவைச் சுரண்டினார். வீங்கிய கெப்பாசிட்டர்களை மாற்றினார். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது விரலையும் சுட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் கண் விழித்துவிட்டது. கேசட்டில் இருப்பதை மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

“எங்க, போடுங்க பார்க்கலாம்.”

“அறுந்துட்டா நான் அவ முகத்துல முழிக்க முடியாதும்மா.”

“போடுங்க சார்.”

டேப் ரெக்கார்டர் கீச்சிட்டது. நாகசுந்தரத்தின் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. கீச்சு தெரியாதபடி இன்னொரு குமிழையும் திருகியது. இப்போது காதுக்கு இதமாக இருந்தது.

ஜெசிந்தா டேப்பை நிறுத்தினார்.

“எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?”

“பின்ன? நாராசமால்ல இருக்கு! மனுஷன் கேக்க முடியுமா?”

குரு டேப்பைப் பின்னால் சுற்றினார். மேஜையில் கிடந்த பஞ்சைக் கிள்ளிச் சீடரின் இரண்டு காதிலும் அடைத்தார். இரண்டு குமிழையும் முழுசாகத் திருகிவிட்டார்.

வீடே அலறியது. தெருவில் நாய் குரைத்தது. பஞ்சையும் மீறி நாகசுந்தரத்துக்குப் பல் கூசியது.

கம்ப்யூட்டருக்கோ அது தேவகானம். திரையில் கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரு பச்சை அணில் துள்ளி வந்து நின்றது. அதன் கீழே கனகவல்லியின் பெயர்.

“கனகு! ஓடி வா, ஓடி வா!” என்று நாகசுந்தரம் குதித்தே விட்டார்.

கரண்டியும் கையுமாக ஓடி வந்த கனகவல்லி அணிலைப் பார்த்தார். சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

கல்யாணமான புதிதில் பாடியதோடு சரி. முதல் வரியிலேயே கணவர் கையை உயர்த்தித் திருத்திவிடுவார்.

இப்போதும் அந்தக் கை உயர்ந்தது. கனகவல்லி சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

உயர்ந்த கை காதுக்குப் போய்ப் பஞ்சை எடுத்தது.

“ஏன் நிறுத்திட்டே? இன்னும் கொஞ்சம் சத்தமா பாடு.”