கரடி நாச்சாள் சுட்ட முந்திரி கேக்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் நாச்சாள் என்று ஒரு கரடி வாழ்ந்தாள், குழந்தைகளே. அவளுக்குக் கேக் சுடத் தெரியும். அந்தக் காட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.

மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பும் முதல் நாளை அங்கே விழாவாகக் கொண்டாடினார்கள். அன்று வேட்டை கிடையாது. சிறுத்தையும் மானும் ஓடைக்கரையில் ஒரே வரிசையில் உட்காரும். நாச்சாள் சுட்ட கேக்கை எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் சிறுத்தையும் செந்நாயும் எழுந்து நின்று, "இந்த ஆண்டு குட்டிகளைத் தொட மாட்டோம்" என்று வாக்குக் கொடுக்கும். எத்தனையோ ஆண்டுகளாக அந்த வாக்கு தவறியதில்லை.

"நாச்சாள் கைப்பக்குவம் யாருக்கு வரும்?" என்று அன்று எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே நாச்சாள் ஆண்டு முழுவதும் காத்திருப்பாள். குறை என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது.

அந்த ஆண்டு விழாவுக்குப் புதிதாக ஒருத்தி வருவதாக இருந்தாள். அவள் செம்பா என்னும் முயல். இதற்கு முன்பு இருந்த காட்டில் தன் கணவனையும் நான்கு குட்டிகளையும் செந்நாய்க்குப் பறிகொடுத்தவள். எஞ்சியிருந்த ஒரே மகள் மிளகியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, நாச்சாளின் குகைக்குப் பக்கத்தில் வளை தோண்டிக் குடியிருந்தாள்.

"செந்நாய் உட்காரும் வரிசையில் என் பிள்ளையை எப்படி அக்கா உட்கார வைப்பேன்?" என்று செம்பா கேட்டாள்.

"என் பக்கத்தில் உட்கார். நீ வந்தால்தானே உன் மகளுக்கும் சேர்த்து வாக்குக் கிடைக்கும்?" என்றாள் நாச்சாள்.

செம்பா யாரையும் எளிதில் நம்புகிறவள். சரி என்று தலையாட்டினாள்.

விழாவுக்கு முந்தைய நாள் விடிந்ததும் நாச்சாள் வேலையைத் தொடங்கினாள். எருமை கொடுத்த பாலைக் காய்ச்சினாள். எலுமிச்சைச் சாறு பிழிந்து பாலைத் திரிய வைத்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, திரண்டு நின்ற பால்கட்டியை வெண்ணெய் போலக் குழையும்வரை பிசைந்து தேன் சேர்த்தாள். தினைமாவையும் தேங்காய்த் துருவலையும் கலந்து அகலமான மண்தட்டின் அடியில் அழுத்தினாள். அதன்மேல் பால்கட்டியை ஊற்றிப் பரப்பினாள்.

காலியான கறையான் புற்று ஒன்றுதான் அவளுடைய அடுப்பு. உள்ளே தணல் கொட்டி, தட்டை இறக்கி, வாயைக் கல்லால் மூடினாள். இடையில் திறந்தால் கேக்கில் வெடிப்பு விழுந்துவிடும். அதனால் புற்றின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்தபடி காத்திருந்தாள்.

கேக் வெந்து வெளியே வந்தபோது அணில் துடியன் ஒரு கூடை நிறையப் பருப்புடன் ஓடி வந்தான். எதையும் அவசரமாகச் செய்வது அவன் குணம்.

"வறுத்து, உடைத்து, தோலும் நீக்கிவிட்டேன் அக்கா. கேட்ட முந்திரி முழுக்க இதில் இருக்கிறது."

"இவ்வளவு சீக்கிரமாகவா?"

"நான் செய்தால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிவிட்டான்.

கேக் சூடாக இருக்கும்போதே நாச்சாள் பருப்புத் துண்டுகளைப் பிடிபிடியாக அள்ளி மேலே பதித்தாள். பிறகு தட்டை ஓடையின் நடுவில் இருந்த பாறைமேல் ஆறி இறுக வைத்துவிட்டு வந்து படுத்தாள்.

காலையில் கண் விழித்தபோது அவளுடைய வலது கை எரிந்தது. விரல்களில் கருத்த கொப்புளங்கள் எழும்பியிருந்தன. தணல் சுட்டிருக்கும் என்று முதலில் நினைத்தாள். கூடையை எடுத்து வைக்கப் போனவள், அதன் அடியில் ஒட்டிக் கிடந்த கறுப்பு ஓடு ஒன்றைப் பார்த்தாள்.

அது சேராங்கொட்டையின் ஓடு. சேராங்கொட்டைச் சாறு பட்டால் தோல் வெந்துபோகும். தொண்டைக்குள் போனால் உயிர் தங்காது.

நாச்சாள் துடியனைக் கூப்பிட்டு ஓட்டைக் காட்டினாள். அவன் வால் தரையில் சாய்ந்தது. அவன் விரல்களிலும் கொப்புளங்கள் இருந்தன.

"முந்திரி மரம் ரொம்பத் தூரம் அக்கா. கூடை நிறையவில்லை. வழியில் ஒரு மரத்தடியில் கொஞ்சம் கிடந்தது. ஒரே மாதிரி இருந்ததால் அதையும் சேர்த்து உடைத்துவிட்டேன்."

"எத்தனை?"

"ஆறோ ஏழோ. எண்ணவில்லை."

நாச்சாள் ஓடைக்கு ஓடினாள். துடியனும் பின்னாலேயே ஓடினான். கேக் அழகாக இறுகியிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. மேலே இருந்த துண்டுகள் எல்லாம் ஒரே நிறம். எது முந்திரி, எது சேராங்கொட்டை என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அத்தனையையும் பிய்த்து எறியலாம் என்றால், சாறு கேக்குக்குள்ளும் இறங்கியிருக்கும். புதிதாகச் செய்யப் பாலும் இல்லை, நேரமும் இல்லை. அவள் பாறைமேல் உட்கார்ந்து அழுதாள்.

அங்கே ஒரு நரி தண்ணீர் குடிக்க வந்தது. தந்திரக்கார நரி. நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டது.

"கேக்கை ஓடையில் கொட்டிவிட்டு, நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்" என்றாள் நாச்சாள்.

"சொல். நன்றாகச் சொல். அதற்குப் பிறகு உன் கையால் யார் வாங்கிச் சாப்பிடுவார்கள்? நாச்சாள் விஷம் வைக்கப் பார்த்தாள் என்று பேசுவார்கள்."

நாச்சாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓடு கூடையின் அடியில் கிடந்தது என்றால் அந்தக் கொட்டையும் அடியில்தான் இருந்திருக்கும். கடைசியாக எந்தப் பக்கம் பதித்தாய்?" என்று நரி கேட்டது.

"கிழக்கு ஓரம்."

"அப்படியானால் கிழக்கு ஓரத்தை உன் பங்கு என்று எடுத்து வைத்துக்கொள். சாப்பிடாதே. மற்றவர்களுக்கு மீதி. அவ்வளவுதான், முடிந்தது."

"மற்ற இடத்திலும் இருந்தால்?"

"இருக்காது" என்றது நரி.

அது பொய் என்று நாச்சாளின் மனதுக்குத் தெரியும். ஆனால் அதை நம்ப அவளுக்கு ஆசையாக இருந்தது. அழுதுகொண்டு நின்ற துடியனைப் பார்த்து, "நீ வாயைத் திறக்காதே. திறந்தால் உன் பெயரும் கெடும்" என்றாள்.

வெயில் ஏறியதும் எல்லோரும் ஓடைக்கரையில் கூடினார்கள். செம்பா மகளுடன் வந்து நாச்சாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேக்கைப் பார்த்த மிளகி, "இது எல்லாம் நமக்கா அம்மா?" என்று கேட்டாள். செந்நாய்கூடச் சிரித்துவிட்டது.

நாச்சாள் கிழக்கு ஓரத்தை வெட்டித் தன் இலையில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொருவருக்கும் பங்கு வைத்தாள். நரி மட்டும், "இன்று எனக்கு விரதம்" என்று ஒதுங்கி உட்கார்ந்தது.

சிறுத்தை சாப்பிட்டது. மான் சாப்பிட்டது. பன்றி சாப்பிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நாச்சாளுக்கு மெல்ல மூச்சு வந்தது.

அப்போது அவள் மிளகியைப் பார்த்தாள். அந்தக் குட்டி பருப்புத் துண்டுகளை எல்லாம் தனியாகப் பொறுக்கி இலை ஓரத்தில் அடுக்கி வைத்துவிட்டு, வெறும் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"பருப்பு பிடிக்காதா?" என்று நாச்சாள் கேட்டாள்.

"அதுதான் ரொம்பப் பிடிக்கும் பெரியம்மா. கடைசியில் சாப்பிடுவேன்."

இலையில் ஐந்து துண்டுகள் இருந்தன. நாச்சாள் அவற்றையே பார்த்தாள். சாப்பிடாதே என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏன் என்று செம்பா கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாச்சாள் வாயைத் திறந்தாள்.

"நாச்சாள், இந்த ஆண்டுபோல எந்த ஆண்டும் அமைந்ததில்லை. உன் கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று வரிசையின் மறுகோடியிலிருந்து சிறுத்தை சொன்னது.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். நாச்சாள் தலை குனிந்து சிரித்தாள். அவள் மறுபடி திரும்பியபோது மிளகியின் இலை காலியாக இருந்தது.

"அம்மா, நாக்கு எரிகிறது" என்றாள் மிளகி.

செம்பா தண்ணீர் கொடுத்தாள். குட்டியால் விழுங்க முடியவில்லை. உதடு வீங்கியது. தொண்டை வீங்கியது. வரிசையில் பன்றியும் வாயைத் தேய்த்துக்கொண்டு உறுமியது.

"சேராங்கொட்டை. மேலே இருப்பதில் சேராங்கொட்டை கலந்திருக்கிறது. யாரும் சாப்பிடாதீர்கள்" என்று நாச்சாள் அலறினாள்.

எருமை பால் கொண்டுவந்தது. மான் ஏதேதோ தழைகளைப் பறித்து வந்தது. மிளகி மூச்சுக்குத் திணறினாள். செம்பா அவளை மடியில் போட்டுக்கொண்டு, தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தடவுவதை நிறுத்திவிட்டாள்.



"உனக்கு எப்போது தெரியும் அக்கா?" என்று செம்பா கேட்டாள்.

"காலையில்."

"காலையிலேயேவா?"

"உன் மகளுக்கு வரும் என்று நினைக்கவில்லை. கிழக்கு ஓரத்தில் மட்டும்தான் இருக்கும் என்று..."

செம்பா அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். செந்நாய் வழிவிட்டு ஒதுங்கி நின்றது. அவள் அதைக் கண்டு பயப்படவும் இல்லை.

"நான்தான் கொட்டையைக் கலந்தேன். என்னை அடியுங்கள்" என்று துடியன் கதறினான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. மான்கள் தங்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு புதருக்குள் போயின. அன்று சிறுத்தை எழுந்து நின்று வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் நம்ப அங்கே யாரும் இல்லை.

நரி எப்போது போனது என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

அந்த ஆண்டு காட்டில் நிறையக் குட்டிகள் இரையாயின. பன்றிக்குப் பிறந்த ஏழில் ஒன்று மிஞ்சியது. மான்கூட்டம் மலையின் மறுபக்கம் போய்விட்டது. செம்பா எங்கே போனாள் என்று தெரியவில்லை. நாச்சாள் அவளுடைய வளையின் வாயில் தினமும் போய் உட்கார்ந்தாள். மழை வந்து அந்த வளையும் மூடிப்போயிற்று.

மறு ஆண்டு விழா நாள் வந்தது. நாச்சாள் பால்கட்டி திரட்டி, பருப்பு போடாமல் வெறும் கேக்காகச் சுட்டாள். ஓடைக்கரையில் தட்டை வைத்துக் காலையிலிருந்து காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அந்த வழியாக ஒரு முள்ளம்பன்றி வந்தது. வேறு காட்டிலிருந்து வருகிறது என்பது அதன் நடையிலேயே தெரிந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அதில் கொஞ்சம் தருவீர்களா?"

நாச்சாள் ஒரு துண்டு வெட்டி இலையில் வைத்தாள். நீட்டப்போன கையை நிறுத்தினாள்.

"தருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும்" என்று, நடந்த எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். கொப்புளம் எழுந்த கையைப் பற்றிச் சொன்னாள். நரி சொன்னதையும், தான் அதை நம்ப விரும்பியதையும் சொன்னாள். ஐந்து துண்டுகளைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்ததையும் சொன்னாள்.

முள்ளம்பன்றி கடைசிவரை பொறுமையாகக் கேட்டது. இலையில் இருந்த துண்டைப் பார்த்தது. நாச்சாளின் முகத்தைப் பார்த்தது.

"சொன்னதற்கு நன்றி அக்கா. நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, பசியோடு நடந்து போய்விட்டது.

நீதி: சொல்ல வேண்டிய நேரத்தில் மறைத்த தவறைப் பிறகு எத்தனை முறை ஒப்புக்கொண்டாலும், போன உயிரும் போன நம்பிக்கையும் திரும்பி வருவதில்லை.