தாளாளர் பேச்சும் இரண்டு இன்வெர்ட்டர்களும்

அந்தப் பொறியியல் கல்லூரிக்கு ராஜா யார் என்றால், தாளாளர் மருதவாணர்தான். அவருக்கு எல்லாம் பெரிதாக இருக்க வேண்டும். பெரிய வாசல், பெரிய மாலை, பெரிய பேச்சு. அவர் பேசி முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. ஒருமுறை தும்முவதற்காக வெளியே போன நூலகர், திரும்பி வேலைக்கு வரவே இல்லை.

அங்கே பேராசிரியர் சௌந்தரவல்லி ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து ஒரு சோலார் இன்வெர்ட்டர் செய்திருந்தார். அளவில் டிபன் பாக்ஸ். டீன் ஏகாம்பரமும் ஒன்று செய்திருந்தார். அது படுக்கவைத்த பீரோ.

"இந்த டப்பாவைப் பார்த்தா யாருங்கய்யா ஆராய்ச்சின்னு நம்புவாங்க? இவங்க லேபை எனக்குக் கொடுங்க, இன்னும் பெரிசா செய்யறேன்" என்றார் டீன், தாளாளரிடம்.

சௌந்தரவல்லி தன் கருவியை முன்னே நகர்த்தினார். "ஐயா, ரெண்டும் ஒரே வேலைதான் செய்யுது. அவரோடதுல நிறைய மின்சாரம் சூடா வீணாப் போகுது. மீட்டர் வச்சுக் காட்டட்டுமா?"

"எங்க வீட்டு மீட்டரே பொய் சொல்லுது! மீட்டரும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். நாளைக்கு ஆண்டு விழாவுல நான் பேசி முடிக்கிறதுக்குள்ள நிரூபிங்க. இல்லேன்னா லேப் டீனுக்கு."

சௌந்தரவல்லி கொஞ்சம் யோசித்தார். பிறகு ரொம்பப் பணிவாகச் சொன்னார்: "சரிங்கய்யா. அரங்கத்து விளக்குல பாதி அவர் கருவியில எரியட்டும், பாதி என்னுதுல. நான் என்னுதை மடியில வச்சுக்கறேன். டீன் சார் அவரோடது மேலேயே உட்காரட்டும். சிம்மாசனம் மாதிரி இருக்கும்."

டீனுக்கு நெஞ்சு விம்மியது.

மறுநாள் பேச்சு தொடங்கியது. பத்தாம் நிமிடம் டீன் முகத்தைத் துடைத்தார். இருபதாம் நிமிடம் இடப்பக்கம் சாய்ந்தார், பிறகு வலப்பக்கம். தாளாளர் அப்போதுதான் தன் மூன்றாம் வகுப்பு நினைவுகளுக்கு வந்திருந்தார். அரை மணியில் டீன் துள்ளி எழுந்தார்.

தாளாளர் பேச்சை நிறுத்தினார்.

"ஏன் எழுந்தீங்க?"

"உங்க பேச்சு... மெய்சிலிர்த்து... எழுந்துட்டேங்கய்யா."

"சந்தோஷம். உட்காருங்க."

டீன் பீரோவைப் பார்த்தார். "நின்னே கேக்கறேங்கய்யா."

தாளாளருக்குச் சந்தேகம் வந்தது. இறங்கி வந்து பீரோவின் மேல் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். டிபன் பாக்ஸைத் தொட்டார். கை அதிலேயே நின்றது.

"என்னம்மா இது?"

"மீட்டர் வேண்டாம்னீங்க. அதான் ஐயா, டீன் சாரை வச்சு அளந்தேன்."

தாளாளர் சிரித்த சிரிப்பில் மைக் அலறியது. "லேப் உங்களுக்கேம்மா!" என்றபடி மேடைக்குத் திரும்பினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளைப் புரட்டினார்.

"ஏகாம்பரம், இன்னும் முப்பது பக்கம் இருக்கு. உட்காருங்க."