அவரைக்கொட்டையின் வெள்ளைக் கோடு

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் கோழி குருவிகளுக்கும் வாய் இருந்தது. மனிதர்கள் பேசியதையெல்லாம் அவையும் பேசின. கொஞ்சம் அதிகமாகவே பேசின என்றும் சொல்லலாம். அன்று அவரைக்கொடிக்குப் பருவம் என்று ஒன்று கிடையாது. சித்திரை வெயிலில் போய் நின்று, "சந்தை நாளு வருது, கொஞ்சம் பூவேன்" என்று கேட்டால் பூத்துவிடும். காய் கேட்டால் காய்த்துவிடும். அதன் கொட்டையும் வேறு மாதிரி இருந்தது. தலை முதல் கால் வரை ஒரே கறுப்பு. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு கீறல், ஒரு கோடு கிடையாது.

மலையடிவாரத்துச் செம்மண் காட்டில் பாவாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருசன் நாட்ராயனுக்கு ஆடு மேய்ப்புத்தான் வேலை. கல்யாணமாகி வரும்போது அவள் பிறந்த வீட்டில் முந்தானையில் ஒரு கை அவரைக்கொட்டையை முடிந்து அனுப்பியிருந்தார்கள். அதை அவள் வாசலோரம் ஊன்றினாள். கிளுவைக் குச்சி வெட்டிப் பந்தல் போட்டாள். குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், ஏனம் கழுவிய தண்ணீர் எல்லாம் கொடிக்குத்தான். அண்டை வீட்டுக்காரிகள், "நாட்ராயனுக்குச் சோறு போடறாளோ இல்லையோ, கொடிக்குத் தவறாம ஊத்தறா" என்று கேலி பேசுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

ஒரு வருசம் மழை பொய்த்தது. கம்பு கருகிப்போனது. கிணற்றில் சேறுதான் மிஞ்சியது. மாட்டை விற்றார்கள். நாட்ராயன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பச்சை தேடி மலைமேல் போய்விட்டான். வாசலில் பந்தல் மட்டும் பேருக்கு நின்றது. வைகாசியில் ஒருநாள் கொடி பாவாத்தாளைக் கூப்பிட்டது.

"அக்கா, என் கதை இவ்வளவுதான். வேர்ல ஈரம் இல்ல. உச்சியில ஒரு கொத்துக் காய் விட்டிருக்கேன். அது முத்திக் காஞ்சு, ஆட்டுனா கலகலன்னு சத்தம் வரணும். அதுவரைக்கும் தொடாதே. மழை வந்ததும் ஊனு. நான் திரும்பி வந்துடறேன்."

பாவாத்தாள் பழைய சேலையில் சிவப்பாக ஒரு கந்தல் கிழித்து அந்தக் கொத்தில் கட்டினாள். கந்தல் கட்டிய காய் விதைக்காய் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதற்காகக் கட்டினாள். பசி வேளையில் கண் உச்சிக்குப் போகும். கந்தலைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுவாள்.

காய் முத்திவிட்டது, இன்னும் காயவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவளுடைய அண்ணன் ராக்கியண்ணன் வந்து நின்றான்.

"என்னம்மிணி, நல்லா இருக்கறயா?"

"வாங்கண்ணா. எனக்கென்னுங்க குறை? ராசாத்தியாட்டம் இருக்கறேன்" என்றாள் பாவாத்தாள். அப்போது அவள் களி தின்று இரண்டு நாள் ஆகியிருந்தது.

பிறந்த வீட்டு ஆள் வந்து பட்டினி முகத்தோடு திரும்பிப் போனான் என்றால், அதைவிடக் கேவலம் அவளுக்கு வேறில்லை. நாட்ராயனுக்குப் பெண் கொடுக்கும்போதே, 'ஆட்டுக்காரன் வீட்டில் என்னத்தைத் தின்பாள்' என்று பேசியவர்கள் அங்கே இருந்தார்கள். தானியக் குதிருக்குள் கைவிட்டுத் துழாவினால் அடியில் ஒரு படி கம்பு இருந்தது. குழம்புக்கு ஒன்றுமில்லை. அவள் பந்தலடிக்குப் போனாள்.

"அண்ணன் வந்திருக்கறாரு" என்றாள் கொடியிடம்.

"வரட்டும். மோர் ஊத்திக் குடு."

"மாடே இல்ல, மோருக்கு எங்க போவேன்?"

"அப்ப உப்புத் தண்ணியில சோத்தைக் கரைச்சுக் குடு. அண்ணன்தானே, கோவிச்சுக்கவா போறாரு? அக்கா, கந்தலை அவுக்காதே. அவுத்தீனா அப்புறம் நான் இல்ல."

பாவாத்தாளுக்கு அது கொடியின் வழக்கமான பயமுறுத்தலாகத்தான் பட்டது. கேட்ட போதெல்லாம் பூத்த கொடி, மழை வந்தால் பூக்காமலா போகும்? அவள் கந்தலை அவிழ்த்துக் கொத்தை ஒடித்தாள். கொடி அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்து அவசர அவசரமாகத் தோலுரித்தாள். உரிக்கும்போது ஒரு கொட்டை தெறித்து அடுப்புக்குள் விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. மிளகாயைக் கிள்ளிப் போட்டு, புளி கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் வாசம் வாசல்வரை போனது. ராக்கியண்ணன் திண்ணென்று சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான். மறுபடியும் கேட்டான். அவள் சட்டியைச் சுரண்டி ஊற்றினாள். அண்ணன் இப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து அவளுக்கு மனசு நிறைந்துபோனது. அவனும் மூன்று நாளாக ஒன்றும் தின்னாமல் நடந்து வந்தவன் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கும் முன்னால் வாய் திறந்து எதையும் கேட்கக் கூடாது. ராக்கியண்ணன் கை கழுவி, துண்டில் துடைத்துவிட்டு, அப்புறம்தான் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தான்.

"அம்மிணி, வந்த காரியத்தைச் சொல்லீர்றேன். நம்மூர்ல ஒரு அவரைக்கொடி தப்பலே. அத்தனையும் கருகிப்போச்சு. விதைக்குன்னு வெச்சிருந்ததையும் வண்டு தொளைச்சிருச்சு. உன்ற கொடியும் நம்ம வீட்டு விதைதானே? ஒரு கை கொட்டை குடு. அதை நம்பித்தான் ஊரே இருக்குது."

பாவாத்தாள் பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். வாய் வரவில்லை.

"அண்ணா, இப்ப நீங்க தின்னதுதானுங்க அது."

ராக்கியண்ணன் இலையைப் பார்த்தான். நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. "ஏஞ்சாமி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நான் தண்ணியைக் குடிச்சுட்டுப் போயிருப்பேனே" என்றான். மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்றோமே என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் அழுதாள். அவன் தேற்றவும் இல்லை.

அப்போது குப்பைமேட்டில் கோழி ஒன்று குய்யோ முறையோ என்று கத்தியது. அடுப்பிலிருந்து அள்ளிக் கொட்டிய சாம்பலை அது கிளறிக்கொண்டிருந்தது.

"இதென்னடி கண்றாவி! கொத்துனா நாக்குப் பொத்துப் போகுது! உங்க வீட்டுச் சாம்பலுக்குள்ள நெருப்பை வெச்சா கொட்டுவீங்க?"

பாவாத்தாள் ஓடினாள். கோழியின் காலடியில் ஒரு அவரைக்கொட்டை கிடந்தது. கோழி துப்பியதுதான் அது. சூட்டில் அதன் ஒரு விளிம்பு வெடித்து, வெடிப்பு நெடுகச் சாம்பல் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். எச்சில் தொட்டுத் துடைத்தாள். சாம்பல் போகவில்லை.

"நான் கண்டெடுத்தது, எனக்குத்தான்" என்றது கோழி.

"தின்னு பாரேன்" என்றான் ராக்கியண்ணன். கோழி ஒரு கணம் யோசித்தது. நாக்கின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

இருந்தது ஒரே கொட்டை. வீடோ இரண்டு. "நீங்களே கொண்டு போங்கண்ணா" என்று நீட்டினாள். அவன் வாங்கவில்லை. "எனக்குக் கொடி வளக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். நீயே ஊனு. காய்ச்சா வந்து வாங்கிக்கறேன். காய்க்கலேன்னா ரெண்டு ஊருக்குமே அவரை இல்லேன்னு தலை முழுகிருவோம்" என்றான்.

ஆடியில் மழை பிடித்தது. பாவாத்தாள் கொட்டையை ஊன்றினாள். முளைத்தது. பந்தலேறியது. இலை என்றால் அப்படி ஓர் இலை, வெயில் கீழே விழாது. பூ மட்டும் இல்லை. "கொஞ்சம் பூவேன்" என்று கேட்டாள். பதில் இல்லை. ஆவணியில் கெஞ்சினாள், புரட்டாசியில் திட்டினாள். ஐப்பசியில், "நான் செஞ்சது தப்புத்தான், என்னை வேணுமின்னா என்னமோ பண்ணு, அந்த ஊரை என்ன பண்ணறே?" என்று வேரடியில் உட்கார்ந்து அழுதாள். கொடி அசையவில்லை. மாதம் தவறாமல் ராக்கியண்ணன் வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனான். அவன் கேட்காமல் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மழை பிடித்ததும் ஆடுகளோடு மலையிறங்கி வந்திருந்த நாட்ராயனுக்குக் கார்த்திகைக் கடைசியில் பொறுமை போய்விட்டது. அரிவாளோடு வந்தான். "பூக்காத கொடி எதுக்கு? அறுத்துப் போட்டா ஆடாவது திங்கும்." பாவாத்தாள் கொடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "முதல்ல என்னை அறுங்க" என்றாள். இவளோடு மல்லுக்கு நிற்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுப் போனான்.

மார்கழி பிறந்தது. பனி இறங்கி, ஒவ்வோர் இலையிலும் நீர் கோத்து நின்ற ஒரு விடியலில் கொடி வாய் திறந்தது.

"இப்பத்தான் அக்கா உடம்பு ஆறுச்சு."

பாவாத்தாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"உன்ற அடுப்புச் சூடு என் உள்ள வரைக்கும் ஏறிருச்சு. இனிமே நீ கேட்டாலும் பூக்க மாட்டேன், யார் கேட்டாலும் பூக்க மாட்டேன். பனி வந்து என்னைக் குளிர வெச்சாத்தான் பூப்பேன். நீ மறந்தாலும், அடுப்புல சாம்பல்தான் என்னை மூடிக் காப்பாத்துச்சு. நாளைக்கு எனக்குப் பேன் விழுந்தா, பூச்சி விழுந்தா, அதையே தூவு. இனி எங்கிட்டப் பேச்சு கேக்காதே. பேசிப் பேசித்தான் உனக்கு என் வார்த்தை துச்சமாப் போச்சு."

சொல்லி முடித்ததும் ஊதாவும் வெள்ளையுமாகக் கொடி பூத்தது. அதன்பின் அது பேசவே இல்லை. கோழியும் மற்றவையும் எப்போது பேச்சை விட்டன என்பது வேறு கதை.

தையில் பொங்கலுக்கு ராக்கியண்ணன் அரிசியும் வெல்லமும் கொண்டுவந்தான். பாவாத்தாள் காய்த்ததிலேயே முதல் கொத்தில் கந்தல் கட்டி வைத்திருந்தாள். அது நன்றாகக் காயட்டும் என்று அவனை மாசி வரை தங்கச் சொன்னாள். அவனும் தங்கினான். கொத்து காய்ந்தது. ஆட்டிப் பார்த்தாள், கலகலவென்றது. அன்று இலை போட்டு அவனை உட்காரவைத்தவள், சோறு வைக்கவில்லை. கொட்டைகளை அவன் துண்டில் கொட்டி, இரண்டு முடிச்சாக இறுக்கி முடிந்தாள். "பத்திரமுங்கண்ணா" என்றாள். அப்புறம்தான் சோற்றுப் பானையைத் தூக்கினாள். அவன் ஊர் போய் ஊன்றிய கொடியும் மார்கழிப் பனியில்தான் பூத்தது.

அன்று முதல்தான் ஆடியில் ஊன்றிய அவரை, பனி விழும்வரை யார் கெஞ்சினாலும் பூப்பதில்லை. பூச்சி விழுந்த கொடிக்கு அடுப்புச் சாம்பலைத் தூவுகிறோம். கந்தல் கட்டிய விதைக்காயைக் கூடப்பிறந்தவனே வந்தாலும் பறிப்பதில்லை. ஓர் அவரைக்கொட்டையை எடுத்து விளிம்பைத் துடைத்துப் பாருங்கள், பாவாத்தாளால் துடைக்க முடியாத அந்த வெள்ளைக் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.