செட்டோட வந்த கிட்டார்

"மிஸ், நான் கிளாஸ விட்டு நின்னுக்கிடுதேன்."

வடிவு இதைச் சொன்னப்போ கிளாஸ்ல எல்லாரும் இருந்தாங்க.

பாளையங்கோட்டையில ஒரு சைக்கிள் கடைக்கு மேல மாடி ரூம். ஞாயித்துக்கிழமை கிட்டார் கிளாஸ். எட்டு வயசு, பத்து வயசுன்னு வாண்டுங்க வட்டமா உக்காந்திருக்கும். அதுங்களுக்கு நடுவுல நாப்பத்தஞ்சு வயசு வடிவு.

மிஸ் பேரு ரெனிட்டா. வடிவை விட இருபது வயசு சின்னவங்க. ஆனா வார்த்தைய என்னமோ கடன் வாங்கிட்டு வந்த மாதிரி எண்ணி எண்ணிச் செலவழிப்பாங்க.

"ஏன்க்கா?"

"விரலு சரியில்ல மிஸ். பாருங்க."

இடது கைய நீட்டுனா. விரல் நுனி எல்லாம் கம்பி கோடு. ஒண்ணுல தோல் பிஞ்சிருக்கு.

"பாத்திரம் தூக்கித் தூக்கி மரத்துப் போன விரலு. இனிமே இது எங்க வளையப் போகுது? எங்க வீட்டுக்காரவுக அன்னைக்கே சொன்னாவ, கிரைண்டர் வாங்கியிருந்தா மாவாவது கிடைச்சிருக்கும்னு."

ஒரு வாண்டு சிரிச்சுச்சு. "ஆன்ட்டி, எனக்கு ரெண்டே நாள்ல வந்துட்டு."

"ஒனக்கு வரும்ல. ஒனக்கு எலும்பே இன்னும் முத்தல."

மிஸ் கைய நீட்டுனாங்க.

"கிட்டாரைக் குடுங்க."

அது எப்படிப்பட்ட கிட்டார்னு சொல்லணும். மயில் நீலம். ஓரமெல்லாம் கறுப்பு. லைட்டு பட்டா மூஞ்சி தெரியும். புதுசா கத்துக்கிறவங்களுக்குன்னு ஒரே பெட்டியில வந்த செட்டு. தோள்ல மாட்டுற பை, பெல்ட், நிறுத்தி வைக்க ஸ்டாண்ட், சுருதி பாக்குற கிளிப், மீட்டுறதுக்கு கலர் கலரா பிக், மாத்துக் கம்பி, தொடைக்கத் துணி வரைக்கும் உண்டு. அந்தப் பெட்டியப் பிரிச்ச அன்னைக்கு வடிவு தெருவையே கூப்பிட்டுக் காட்டுனா.

மிஸ் மடியில வச்சு சுருதி சேத்தாங்க. கடைசிக் கம்பிக்கு வரதுக்குள்ள முதக் கம்பி சுருதி இறங்கிட்டு. மறுபடி சேத்தாங்க. மறுபடி இறங்குச்சு.

அப்புறம் எஃப் கார்டு புடிச்சாங்க. ஒத்த விரலால ஆறு கம்பியையும் சேத்து அமுக்கணும். புதுசா வர்றவங்கள்ல பாதிப் பேரு கிட்டாரை மூட்டை கட்டுற இடமே அதுதான்.

மீட்டுனாங்க.

தகரத்துல கூழாங்கல்லு விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

இன்னும் அமுக்குனாங்க. விரல் வெளுத்துப் போச்சு. உதட்டைக் கடிச்சாங்க. மீட்டுனாங்க.

அதே கூழாங்கல்லு.

வாண்டுங்க எல்லாம் வாசிக்கிறத நிப்பாட்டிருச்சு. கிறிஸ்மஸுக்கு சர்ச் நெறைய ஆளை வச்சுக்கிட்டு, கைய குனிஞ்சு கூடப் பாக்காம வாசிக்கிற மிஸ்.

"ஏல, மிஸ்ஸுக்கே வரலடே!"

மிஸ் கிட்டாரைக் கீழ வச்சாங்க. விரல வடிவு மூஞ்சிக்கு நேரா காட்டுனாங்க. அதே கம்பி கோடு.

வடிவு அந்த விரலைப் பாத்தா. தன் விரலைப் பாத்தா.

"அப்ப... என் விரலு இல்லையா மிஸ்?"

மிஸ் வேற ஒண்ணு கேட்டாங்க.

"இதை ஏன்க்கா எடுத்தீங்க?"

"செட்டுல்லா மிஸ்! வெறும் கிட்டாரும் அந்த விலைதான், இம்புட்டு சாமானோட இதுவும் அந்த விலைதான். அப்ப எது லாபம்?"

"நீங்க எங்க வேலை பாக்கீங்க?"

"ஒங்களுக்குத் தெரியாததா? டவுன்ல, பாத்திரக்கடையில."

"அங்க செட்டு உண்டா?"

"உண்டாவா! சீர்வரிசை செட்டு கோக்குறதே நான்தானே!" வடிவுக்கு வலியெல்லாம் மறந்துட்டு. "குடம், குத்துவிளக்கு, குக்கர், இட்லி கொப்பரை, கரண்டி, டம்ளருன்னு எல்லாம் ஒரே அடுக்கு. ஜிகினா பேப்பர் சுத்தி ரிப்பன் கட்டி நிறுத்துனேன்னா, பொண்ணு வீட்டுக்காரங்க அதைத் தாண்டிப் போக மாட்டாவ."

"எந்தக் குக்கரை வைப்பீங்க?"

"அது வந்து மிஸ், தனியா எடுத்துப் பாத்தா எவளும் வாங்க மாட்டால்லா, அந்தக் குக்கரை. சுத்தி கரண்டி டம்ளரை அடுக்கிட்டம்னா, யாரு மூடியத் தெறந்து பா..."

வாய் அப்படியே நின்னுட்டு.

மிஸ் அந்த நீலக் கிட்டாரைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்தாங்க.

"அப்ப நல்லது எது மிஸ்? எந்தக் கம்பெனி? பேரு சொல்லுங்க, போயி மாத்திட்டு வாரேன். ஆனா இந்த விலைக்கு மேல என்னால ஆகாது."

மிஸ் வடிவோட இடது கையப் புடிச்சாங்க. தோல் பிஞ்ச அந்த விரல மட்டும் தனியா நிமித்தி வச்சாங்க.

"இதுகிட்ட கேளுங்க."

"எனக்குத்தான் வாசிக்கவே தெரியாதே!"

மிஸ் அதுக்குள்ள வாண்டுங்க பக்கம் திரும்பிட்டாங்க.

அந்தச் செட்டுப் பெட்டியோட கிட்டார் கடைக்கு பஸ்ஸுல போகும்போதே வடிவுக்கு ஆங்காரம் ஏறிட்டு. ராத்திரி உப்புத் தண்ணியில முக்கி வச்ச விரலு. காலையில தேங்காயெண்ணெய் தடவுன விரலு. இத்தனை நாளும் திட்டு வாங்குனது அந்த விரலுதான். அந்த நீலச் சனியன் மூலையில ஸ்டாண்டு போட்டு ராஜா மாதிரி நின்னுக்கிட்டுல்லா இருந்துச்சு!

கடையில ஜோயல்னு ஒரு பையன். வாயி நெறைய சிரிப்பு.

"வாங்க ஆன்ட்டி! பையன் எப்படி வாசிக்கான்?"

"பையன் இல்ல. நான்தான்."

"ஓ." சிரிப்பு கொஞ்சம் கோணுச்சு. "சூப்பர் ஆன்ட்டி. என்ன வேணும்?"

"இது வலிக்கி."

"ஸ்டார்ட்டிங்ல எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும் ஆன்ட்டி. போகப் போகப் பழகிரும்."

"சரி. மத்ததுலயும் இதே அளவுக்கு வலிக்கான்னு பாக்கணும். எடு."

"எதை?"

"மாட்டி வச்சிருக்கல்லா, அம்புட்டையும்."

பாத்திரக்கடைக்கு இப்படி ஒருத்தி வருவா. பரண்ல இருக்கிற குக்கர் வரைக்கும் இறக்கச் சொல்லி, தட்டிப் பாத்து, உதட்டைப் பிதுக்குவா. அவளை மனசுக்குள்ள வடிவு திட்டாத திட்டு கிடையாது. இன்னைக்கு அவளாவே மாறிட்டா.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா. கண்ணை மூடிக்கிட்டா. தொறந்திருந்தா செவப்பு கூப்பிடும், பச்சை கூப்பிடும்.

"வாசிக்கத் தெரியாம எப்படி ஆன்ட்டி கண்டுபுடிப்பீங்க?"

"செருப்பு தைக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் செருப்பு கடிக்கிறது தெரியுமோ? அடுத்ததை எடுடே."

ஒண்ணுல கம்பி கட்டைய விட்டு எங்கயோ ஒசரத்துல கெடந்துச்சு, துணி காயப் போடலாம். ஒண்ணு அண்டா மாதிரி வயிறு, அதைத் தாண்டி கை எட்டுறதுக்குள்ள தோள் கழண்டுரும். ஒண்ணுல கம்பி தாழ்வாத்தான் இருந்துச்சு, ஆனா தொட்டாலே வண்டு மாதிரி கிர்ருன்னு எரிச்சல் சத்தம்.

அப்புறம் ஒண்ணு மடிக்கு வந்துச்சு.

அடக்கமா உக்காந்துச்சு. விரல வச்சா. அமுக்குனா. கம்பி சொன்ன பேச்சு கேட்டு இறங்குச்சு. வலிச்சுது. ஆனா அது வேற வலி, மாவு பிசைஞ்சா கை வலிக்குமே, அந்த வலி. கழுத்தோரம் அமுக்குனா. நடுவுல அமுக்குனா. மீட்டுனா. கொஞ்ச நேரம் சும்மா வச்சுட்டு மறுபடி மீட்டுனா.

டிங்குன்னு அதே சத்தம். சுருதி இறங்கல.

கண்ணைத் தொறந்தா. மங்கலா ஒரு காவி கலரு. பளபளப்பு கிடையாது. வயித்துல நீளமா ஒரு கீறல்.

"ஐயோ ஆன்ட்டி, அது சும்மா பார்வைக்கு மாட்டி வைக்கிற பீஸு. கீறல் இருக்கு. பை கிடையாது, பெல்ட் கிடையாது, ஒண்ணுமே கூட வராது."

"விலை?"

"நீங்க எடுத்தீங்கல்ல, அதே விலைதான்."

"அப்ப இதைக் குடு. அந்தப் பெட்டிய நீயே வச்சுக்கோ."

"வித்த பொருளை மாத்த மாட்டோம் ஆன்ட்டி."

வடிவு சண்டை போடல. நீலக் கிட்டாரைப் பையில இருந்து எடுத்து ஜோயல் கையில குடுத்தா.

"நீ கிட்டார் விக்கிறவன். வாசிக்கத் தெரியும்லா?"

"தெரியும் ஆன்ட்டி."

"எஃப் புடி. நல்லா வந்துச்சுன்னா நான் வாயைத் தொறக்காம எடுத்துட்டுப் போயிருதேன்."

பக்கத்துல ஒரு அப்பாவும் பொண்ணும் நின்னாங்க. பொண்ணு கையில இதே செட்டு, ரோஸ் கலர். ரெண்டு பேரும் ஜோயலையே பாத்தாங்க.

ஜோயல் கிட்டாரைப் பாத்தான். அவங்களைப் பாத்தான். விரல வைக்கவே இல்ல.

"வாசிடே. வலிக்கத்தான் செய்யும்னு சொன்னல்லா? வலிச்சா பரவால்ல, வாசி."

அந்த அப்பா பொண்ணு கையில இருந்து ரோஸ் பெட்டிய மெதுவா வாங்கி பழைய இடத்துலயே வச்சாரு.

உள்ள இருந்து மொதலாளி குரல் வந்துச்சு. "ஏல ஜோயலு, மாத்திக் குடுத்து அனுப்பி வைல!"

அடுத்த ஞாயிறு வடிவு பை இல்லாத கிட்டாரை மடியில அணைச்சுக்கிட்டு பஸ்ல வந்தா.

"எக்கா, அதுக்கும் சேத்து டிக்கெட் எடுக்கணும்," கண்டக்டர் கிண்டல் பண்ணுனாரு.

"மடியில இருக்கிற புள்ளைக்கு எந்த ஊருலவே டிக்கெட் வாங்குதீக?"

பஸ்ஸே சிரிச்சுச்சு.

மாடி ஏறிப் போயி மிஸ் முன்னாடி நின்னா. அந்த வாரம் முழுக்க வீட்டுக்காரவுக தலகாணியால காதைப் பொத்திக்கிட்டு கெடந்திருக்காவ, அம்புட்டு வாசிச்சிருக்கா.

"மாத்திட்டேன் மிஸ். சரியா எடுத்திருக்கனா? ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நிம்மதியாப் போயிரும்."

மிஸ் தொடல. உக்காந்த எடத்துல இருந்தே ஒரு பார்வை பாத்தாங்க.

"சரியில்ல."



"என்ன மிஸ்?"

"கீறல் இருக்கு. பழசு மாதிரி இருக்கு. மாத்திட்டு வாங்க."

வாண்டுங்க எல்லாம் வடிவையே பாத்துச்சு. போன வாரம் சிரிச்ச வாண்டு இந்தத் தடவை சிரிக்கல.

மிஸ் சொல்லிட்டாங்க. இந்த ஊருலயே கிட்டாரைப் பத்தி மிஸ்ஸுக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்குத் தெரியும்? வடிவு வாசப்படிப் பக்கம் திரும்பக்கூடத் திரும்பிட்டா.

ஆனா இடது கை அதுபாட்டுக்குக் கழுத்தைப் புடிச்சிருந்துச்சு. விரலு கம்பி மேல இருந்துச்சு. வடிவு அமுக்குனா.

கம்பி சொன்ன பேச்சு கேட்டு இறங்குச்சு.

திரும்பினா.

"மாத்த மாட்டேன்."

"என்னக்கா?"

"மாத்த மாட்டேன் மிஸ். நீங்க தொட்டுக்கூடப் பாக்கல. நான் கடையில இருந்த அம்புட்டையும் தொட்டுப் பாத்தேன். இதுதான் எனக்கு ஒத்து வருது. ஒங்களுக்குப் புடிக்கலன்னா நீங்க வாசிக்காதீங்க!"

"ஐயோ, ஆன்ட்டி மிஸ்ஸையே எதுத்துப் பேசுதாவடே," யாரோ ஒரு வாண்டு குசுகுசுன்னு சொல்லுச்சு.

வடிவு கிட்டாரை விடல. மிஸ் மேல வச்ச கண்ணையும் எடுக்கல.

மிஸ் கம்பி மேல இருந்த அந்த விரலைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சாங்க. தன்னோட நாற்காலியத் தரதரன்னு இழுத்துட்டு வந்து, வடிவுக்கு முட்டி இடிக்கிற மாதிரி நேரா போட்டு உக்காந்தாங்க.

"சரி. இப்ப ஆரம்பிக்கலாம்."