காலிப் பானை

கொழுந்தப்ப பூபதி நல்ல ராஜாதான். கோபம் வந்தாலும் சீக்கிரம் ஆறிவிடும். அவரிடம் இருந்த ஒரே குறை, பாட்டு எழுதுவார். அதுவும் தம் பட்டத்து யானையைப் பற்றியே எழுதுவார். யானை தூங்கியது, யானை கரும்பு தின்றது, யானை மறுபடியும் தூங்கியது என்று ஓலை ஓலையாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் தளவாய் ரணசூரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சபைக்கு வந்தான்.

"மகாராஜா! புளியம்பேட்டையில் நாட்டாண்மைத் தேர்தல் முடிந்தது. என் மைத்துனன் மலையப்பன் பானை நிரம்பி வழிகிறது!"

புளியம்பேட்டை சின்ன ஊர். அங்கே தேர்தலில் நிற்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. பெரிய மனிதர் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பானை வைப்பார்கள். திரைக்குப் பின்னால் போய் ஆளுக்கொரு புளியங்கொட்டை போட்டுவிட்டு வரவேண்டும்.

"அந்த ஊரில் நம் மானியம் வாங்கும் மருதையா வைத்தியர் பானையில் எத்தனை?" என்று கேட்டார் ராஜா.

"ஒன்றுகூட இல்லை! ஊரே வெறுக்கும் மனிதருக்கு நாம் எதற்கு மானிய நிலம் கொடுத்து வைத்திருக்கிறோம்? அதைப் பிடுங்கி, ஊர் கொண்டாடும் மலையப்பனுக்குக் கொடுங்கள்."

"நியாயம்தான்" என்று ராஜா முத்திரையைத் தேடினார்.

அந்த நிலம் போனால் வைத்தியருக்குச் சோறும் இல்லை, மூலிகைத் தோட்டமும் இல்லை. சபையில் அப்பாக்கண்ணு என்றொருவர் இருந்தார். ராஜாவிடம் துணிந்து வாய் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். "முத்திரை எங்கே ஓடிவிடும் மகாராஜா? நான் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேனே" என்றார். ராஜா சரி என்றார்.

புளியம்பேட்டைக் கடைத்தெருவில் மாடத்தி எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தாள். அப்பாக்கண்ணு மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, நீயும் மலையப்பனுக்குத்தான் போட்டியா?"

"பின்னே? என் வெள்ளாட்டை அவுத்துட்டுப் போனவனாச்சே! அவனுக்குப் போடாம வேற யாருக்குப் போட?"

அப்பாக்கண்ணுவுக்குத் தலை சுற்றியது. "ஆடு திருடினவனுக்கா நாட்டாண்மை?"

"ஐயா அசலூரா? எங்க ஊர்ல நாட்டாண்மைன்னா சும்மாவா? அரமனையிலேருந்து ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வருவாவ. அத்தனை பேருக்கும் அவந்தான் கைக்காசு போட்டுக் கோழியடிச்சுச் சோறு போடணும். தின்னுட்டுத் தூங்குனா, எந்திரிக்கிற வரைக்கும் நின்னு விசிறணும். அதான், ஊருக்குள்ள எவன் கொழுப்பெடுத்துத் திரியுதானோ அவன் பானையை நெறைச்சிருவோம். ஒரே வருசத்துல பொட்டிப்பாம்பா அடங்கிருவான்."

"அப்போ வைத்தியர்?"

மாடத்திக்குக் கோபமே வந்துவிட்டது. "என் புள்ளையைப் பொழைக்க வச்ச மகராசன்யா! அவருக்கு ஒரு கொட்டை போட்டா என் கை வெளங்குமா?"

தானும் ஒருமுறை அந்த ஊரில் கோழி தின்றது அப்பாக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இதை வாயால் சொன்னால் ராஜா நம்பமாட்டார். தளவாய் ஒன்றுக்கு இரண்டாகப் பேசிக் கெடுத்துவிடுவான். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் சபையில் கைகட்டி நின்றார். "மகாராஜா, தங்கள் யானைக் காவியத்தைத் தினமும் மாலையில் உடனிருந்து கேட்க ஒரு ஆள் வேண்டாமா? புளியம்பேட்டை முறைப்படி சபையே தேர்ந்தெடுக்கட்டும்."

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். உடனே பானைகள் வந்தன, திரை வந்தது. சபையோர் ஒவ்வொருவராகப் போய்ப் போட்டுவிட்டு நல்ல பிள்ளைகளாக வந்து உட்கார்ந்தார்கள். திரையை விலக்கினால், தளவாய் பானை நிரம்பி வழிந்தது.

"ரணசூரா! சபைக்கு உன்மேல் இவ்வளவு பிரியமா!" என்றார் ராஜா. "இன்றே ஆரம்பித்துவிடலாம்."

தளவாய் துள்ளி எழுந்தான். "பிரியமா? ஐயோ மகாராஜா! என்னைக் கண்டால் ஆகாதவர்கள் செய்த வேலை இது! பழிவாங்கியிருக்கிறார்கள்!" என்று அலறிவிட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"புளியம்பேட்டையிலும் இதே கதைதான், மகாராஜா" என்று அப்பாக்கண்ணு எல்லாவற்றையும் சொன்னார்.

ராஜா முத்திரையை உள்ளே வைத்தார். "வைத்தியர் நிலம் வைத்தியருக்கே. இனி அந்த ஊருக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோக வேண்டும். ஆனால் மலையப்பன் காலம் முடிந்த பிறகு!"

சபை சிரித்தது. ராஜா மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் மெல்ல மாறியது.

"அப்படியானால், என் பாட்டைக் கேட்பது அவ்வளவு பெரிய தண்டனையா?"

சபையோர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். அப்பாக்கண்ணு மட்டும் முன்னால் வந்தார்.

"மகாராஜா, என் பானையையும் கொஞ்சம் கவிழ்த்துப் பாருங்கள்."

கவிழ்த்தார்கள். ஒரே ஒரு புளியங்கொட்டை உருண்டு விழுந்தது.

"அது நான் எனக்கே போட்டுக்கொண்டது" என்றார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அப்பாக்கண்ணுவுக்குப் போட்டார். "ஆசைப்பட்டுக் கேட்டவன் நீ ஒருவன்தான்! தளவாயை விட்டுவிடுகிறேன். இன்று மாலையிலிருந்து நீயே வா. யானை இப்போதுதான் குளிக்கக் கிளம்பியிருக்கிறது!"

அந்த வாரமே புளியம்பேட்டையிலிருந்து மருதையா வைத்தியர் நன்றி சொல்லி ஒரு குடம் மருந்து அனுப்பிவைத்தார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்ததும் அப்பாக்கண்ணு அதை இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தலைவலித் தைலம்.