ஆவுடையப்பன் தெரிவித்த ஆட்சேபணை

"அம்மா, தெற்குத் தெருக்காரனுக்கு மட்டும் நல்லது சொன்னா ஏன் ஏற மாட்டேங்குது?"

ஆவுடையப்பன் கேட்டார். மாவு மில் வைத்திருப்பவர். உடம்பெல்லாம் மாவு, தலையில் மட்டும் முடி இல்லை.

குளத்தங்கரை மடத்து அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆவுடையப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் ஆவுடையப்பனுக்கு அம்மாதான் குரு.

"நல்லதுன்னா எது அண்ணாச்சி?"

"குழாய்தான். வடக்குத் தெருவுல பாதி வரைக்கும் பைப்பு வந்து நின்னுபோச்சு. கடைசி வீடெல்லாம் வயக்காட்டுக் கிணத்துலதான் தண்ணி எடுக்கோம். ஒவ்வொரு கிராம சபையிலயும் எந்திரிச்சுக் கேக்கேன். ஒவ்வொரு கிராம சபையிலயும் தெற்குத் தெருக்காரன் 'அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம்'னு கத்துதான். தலைவியும் சரின்னு தள்ளிவச்சிருதா."

"வீட்டுல என்ன சொல்லுதாங்க?"

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"பேச்சித்தாய் முடிவாச் சொல்லிட்டா அம்மா. இந்தத் தடவை குழாய் வரலைன்னா அவ அம்மா வீட்டுக்குப் போயிருவாளாம். கோவிச்சுக்கிட்டு இல்ல. குளிக்க."

அம்மா சிரிக்கவில்லை.

"கூட்டத்துல எப்படிப் பேசுவீங்க? பேசிக் காட்டுங்க."

அதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். குளம் வெட்டிய காலத்துக்குப் போனார். அங்கிருந்து மெல்ல மெல்ல இறங்கிவந்து குழாயைத் தொட்டபோது, உரிக்க வெங்காயம் இல்லை.

அம்மாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

தன் பேச்சுதான் காரணம் என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார்.

"மே ஒண்ணாந்தேதிக் கூட்டத்துக்கு நானும் வாரேன்" என்றார் அம்மா.

*

பஞ்சாயத்து ஆபீசுக்கு முன்னால் ஒரு வேப்பமரம் உண்டு. ஆபீஸ் வடக்குத் தெருவில் இருப்பதால், வடக்குத் தெருக்காரர்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். தெற்குத் தெருக்காரர்கள் குளத்தைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். வந்து சேரும்போது நிழல் நிறைந்திருக்கும். மைக்குக்கு அந்தப் பக்கம், வெட்டவெளியில் உட்காருவார்கள்.

யாரும் போட்ட சட்டம் இல்லை. அப்படியே பழகிப்போய்விட்டது.

அம்மா வந்தார். மரத்தடியில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டார். நேரே நடந்துபோய்த் தெற்குத் தெருப் பெண்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் பதறி ஓடினார்.

"அம்மா, நம்ம இடம் அங்க."

"அப்படியா? நீங்க இங்க உக்காருங்க."

குரு சொன்ன பிறகு என்ன செய்ய? ஆண்கள் வரிசையில் மாசானத்துக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எல்லாக் கூட்டத்திலும் முதலில் கத்துகிற ஆள் மாசானம்தான்.

"என்னவே மில்லுக்காரரே, கட்சி மாறிட்டீரா?"

"நீரு உம்ம வேலையப் பாரும்."

தலைவி செல்லக்கனி கூட்டத்தைத் தொடங்கிவைத்தார். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. எவராவது குரலை உயர்த்தினாலே கைப்பையை எடுத்துவிடுவார். கிளார்க் மேலிடத்துச் சுற்றறிக்கைகளை வாசித்தார். கொசு ஒழிப்பு. பிளாஸ்டிக் ஒழிப்பு. மறுபடியும் கொசு, அது வேறு தேதியிட்ட சுற்றறிக்கை.

ஆவுடையப்பனின் வழுக்கையில் வெயில் ஏறியது. துண்டைப் போட்டார். துண்டும் சுட்டது. மண்ணின் சூடு வேட்டி வழியாக வந்தது. தண்ணீர்ப் பானை மரத்தடியில் இருந்தது. எழுந்துபோகலாம்தான். போனால் மாசானம் சும்மா இருப்பானா?

மரத்தடியில் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்கள். இவனுகளுக்கு என்ன, விடிய விடிய உட்காருவானுக என்று தோன்றியது.

நிழலிலிருந்து ஒருவன் எழுந்தான். ஆவுடையப்பனின் மைத்துனன் நல்லபெருமாள். அத்தான் தெற்குப் பக்கம் மாட்டிக்கொண்டாரே, அவருக்குப் பதிலாக நாம் பேசுவோம் என்று நல்ல மனதோடுதான் எழுந்தான். அத்தானின் பேச்சு அவனுக்கு மனப்பாடம்.

"பெரியோர்களே, தாய்மார்களே..."

குளம் வெட்டிய காலத்துக்குப் போனான்.

வழுக்கையிலிருந்து வியர்வை கிளம்பி ஆவுடையப்பனின் கண்ணுக்குள் இறங்கியது.

நல்லபெருமாள் இன்னும் குளத்தில்தான் இருந்தான்.

"யோவ்!"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

"அடுத்த கூட்டத்துல பாப்போம்யா! முடிங்க!"

கத்தியது ஆவுடையப்பன்.

மாசானம் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மரத்தடியிலிருந்து பேச்சித்தாயின் குரல் வந்தது.

"ஏ மனுசா! குழாய் கேக்க வந்தீரா, இருக்கதையும் மூட வந்தீரா?"

தலைவி செல்லக்கனி கையைப் பைக்குக் கொண்டுபோனார்.

"வடக்குத் தெருவே வேண்டாங்குதே. அப்போ தள்ளிவச்சிருவோமா?"

ஆவுடையப்பன் அம்மாவைத் தேடினார். அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பக் கத்துனது யாரு அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் உச்சந்தலையில் கையை வைத்துப் பார்த்தார். தோசை வார்க்கலாம்.

சட்டென்று எழுந்தார்.

"தலைவியம்மா, பைய வையுங்க. ஒரு நிமிசம்."

மரத்தடிக்கு நடந்தார்.

"எல்லாரும் நகருங்க. உள்ள தள்ளி உக்காருங்க."

"எதுக்கு அத்தான்?"

"நகருலே மொதல்ல. குளத்துக்குள்ள எறங்கினவன் கரை ஏறவே மாட்டேங்கான்."

பிறகு வெயிலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"வாங்க. எல்லாரும் இங்க வாங்க."

மாசானம் அசையவில்லை.

"என்னவே சூழ்ச்சி இது?"

"சூழ்ச்சியும் இல்ல ஒண்ணும் இல்ல. மண்டை காயுது. வாரும்."

முதலில் தெற்குத் தெருப் பெண்கள் எழுந்தார்கள். பின்னால் பிள்ளைகள். கடைசியாக மாசானம். முழங்காலோடு முழங்கால் இடித்தது. பேச்சித்தாய் ஒருத்திக்கு இடம் விட்டாள். அவள் பிள்ளை பேச்சித்தாயின் மடியில் ஏறிக்கொண்டது. பானை கைமாறிக் கைமாறிப் போனது.

மாசானம் அண்ணாந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்தான்.

"ஆமா, அந்தப் பைப்பு எங்கன இருந்து எங்கன போகுதுவே?"

இத்தனை கூட்டத்தில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"கோயில் முக்குல இருந்து எங்க தெருக் கடைசி வரைக்கும்."

"கோயில் முக்கு எங்களுக்கும் பக்கம்தானே. அங்கன எங்களுக்கு ஒரு குழாய் விட்டா என்ன?"

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டான்.

"விடலாம்" என்றார் ஆவுடையப்பன். அதோடு உட்கார்ந்துவிட்டார்.

தலைவிக்கே நம்ப முடியவில்லை.

"அப்போ சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க."

கை தூக்க இடம் இல்லை. ஒருவர் தோளுக்கு மேலே, இன்னொருவர் கக்கத்துக்குக் கீழே, எவர் காதையோ உரசிக்கொண்டு, வளையலும் தழும்புமாகக் கைகள் மேலே வந்தன. ஒன்று பிள்ளையின் கை. அதைப் பேச்சித்தாய்தான் பிடித்துத் தூக்கியிருந்தாள்.

கிளார்க் பேனாவைத் திறந்தார்.

"வடக்குத் தெரு எத்தனை, தெற்குத் தெரு எத்தனைன்னு சொல்லுங்கம்மா."

செல்லக்கனி எழுந்து நின்று பார்த்தார். எட்டிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"எது யாரு கைன்னு தெரியலையே" என்றார்.